பெயரோடு வந்த படங்கள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் லேசாயிற்று. இங்கே எல்லோரும் நலம். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போதுதான் எனக்குப் பிடித்ததை எல்லாம் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டால் பறிகொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்துவிடும் என்று கேட்டிருந்தாய். ஒரு மாதமாக 'டிஜிட்டல் பெனின்' என்ற இணையத் தொகுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெனின் என்றதும் அந்தப் பெயருள்ள நாட்டை நினைத்துவிடாதே. இது நைஜீரியாவின் தெற்கில் இருக்கும் பெனின் நகரம், எடோ மக்களின் பழைய அரசு. 1897 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை அந்த நகரத்தைப் பிடித்து, அரண்மனையில் இருந்த பித்தளை வார்ப்புகளையும் தந்தச் செதுக்கல்களையும் ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றது. அரசர் ஓவோன்ராம்வென் கலபார் என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டு 1914-இல் அங்கேயே இறந்தார். உலகமெங்கும் சிதறிப்போன அந்தப் பொருள்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, 20 நாடுகளைச் சேர்ந்த 131 நிறுவனங்களின் பதிவுகளிலிருந்து திரட்டி, 2022 நவம்பரில் ஒரே இடத்தில் வைத்தார்கள்.

முதல் சில நாள் எனக்கும் உன் சந்தேகம்தான் இருந்தது. படம் படமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு ஒரு கோலில் நின்றுவிட்டேன். கணுக்கணுவாகச் செதுக்கிய நீளமான கோல். அருங்காட்சியகப் பதிவேட்டில் 'கிலுகிலுப்பைத் தடி' என்கிற மாதிரி ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான். எடோ மொழியில் அது 'உகுரே'. மூதாதையர் பீடத்தில் சாய்த்து வைப்பது. மேல்பகுதியைக் குடைந்து உள்ளே ஒரு கட்டையை ஆடவிட்டிருப்பார்கள். வழிபடும்போது கோலைத் தரையில் தட்டினால் அது கலகலக்கும். அந்த ஓசைக்கு முன்னோர் வந்து செவிசாய்ப்பார்கள் என்பது நம்பிக்கை. ஒவ்வொரு கணுவும் ஒரு தலைமுறை. ஓசை எழுப்பவே செய்த பொருள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கண்ணாடிப் பேழைக்குள் ஊமையாக நிற்கிறது, செல்வி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. இந்தத் தொகுப்பில் பொருள்களின் எடோப் பெயர்களை எடோ ஆய்வாளர்களே சேர்த்திருக்கிறார்கள்; பெயர்களின் உச்சரிப்பையும் கேட்கலாம். வாய்மொழி வரலாறும் உண்டு. பதிவேட்டு எண்ணாக மட்டும் கிடந்தது மறுபடியும் ஒரு வீட்டுப் பொருளாக, ஒரு சடங்காக ஆகிறது. இந்தப் பெயர்கள் இல்லாமல் வெறும் படங்களைக் கொட்டியிருந்தால், பெருமை முழுவதும் அருங்காட்சியகங்களுக்கே போயிருக்கும்.

பெனின் நகரத்தில் இகுன் தெரு என்று ஒன்று இருக்கிறது. அரண்மனைக்கு வார்ப்பு வேலை செய்த குலத்தார் இன்றும் அங்கே மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, உலோகம் உருக்கி ஊற்றுகிறார்கள். எடோ மொழியில் 'நினைவுகூர்தல்' என்பதற்கான சொல்லுக்கு 'உலோகத்தில் உருவம் வார்த்தல்' என்றும் பொருள் உண்டாம். முப்பாட்டன் வார்த்த தகட்டைப் பார்க்க அவர்கள் இனி லண்டனுக்கோ பெர்லினுக்கோ விசா கேட்டு நிற்க வேண்டியதில்லை. அதன் ஓரத்து இலைக்கொடியைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனாலும் உன் கோபத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படம் கொடுத்தாயிற்று, பொருளை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று யாரும் சொல்லக் கூடாது. 2022 டிசம்பரில் ஜெர்மனி சுமார் இருபது பொருள்களை நைஜீரியத் தலைநகர் அபுஜாவுக்கே கொண்டுவந்து கொடுத்தது. 2025-இல் நெதர்லாந்து 119-ஐத் திருப்பியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பொருள்களை வெளியே கொடுக்கத் தடைபோடும் 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறார்கள். படங்களின் உரிமையும் பல இடங்களில் அருங்காட்சியகங்களிடமே இருக்கிறது. தன் தாத்தாவின் ஊர்ச் சிற்பத்தைப் பாடப்புத்தகத்தில் அச்சிட ஓர் எடோ ஆசிரியர் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

ஒரு படத்தால் என்ன செய்ய முடியும் என்பது நமக்குத் தெரியாததா? கோயிலிலிருந்து திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது, பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்தானே சாட்சி சொன்னது! எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எடோ மக்களுக்கு இப்போது தெரியும். கேட்பதற்கு அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவின் கண் தேறியதும், பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டு. அண்டாவும் குண்டானும் நமக்குத் தெரியும். மற்றவற்றின் பெயர்களை அவர் குரலிலேயே பதிந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மீனா