பழி கம்ப்யூட்டர் மேல்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் கார் சூடேறியதும் சிக்னலில் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். 4 சென்சார்களில் பழுது என்று காட்டியது. ‘இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போச்சு, மாத்தணும்’ என்றார்கள். 10 நிமிடம்கூட ஆகவில்லை.

சரி என்று செகண்ட் ஹேண்ட் இசியூ ஒன்றை வாங்கி மாட்டினோம். வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. அது வேறொரு காரின் சாவியை நினைவில் வைத்திருந்ததாம்! திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரில் நம் சாவியைப் பதிவு செய்யாமல் பெட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

அப்புறம் இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. இன்ஜின் ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இசியூவின் எர்த் வயரிலும் வைத்தார். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.3 காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதோடு சரி, காரில் முதலில் இருந்த இசியூவிலேயே வண்டி ஓடுகிறது.

இசியூ கெடவே கெடாது என்று சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தால், உள்ளே கெப்பாசிட்டர் கசிந்தால் கெடும்தான். ஆனால் மாற்றச் சொல்லும் முன் பியூஸ், ரிலே, எர்த், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் எல்லாவற்றையும் அளந்து, பில்லிலேயே எழுதித் தரட்டும். சென்சார் ஒன்று ஷார்ட் ஆனாலே அந்த 5 வோல்ட் சரிந்து, மற்றவையும் பழுது போலத் தெரியுமாம்.

எலக்ட்ரானிக் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வாங்கிய பெட்டி என் அலமாரியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்