மாமி கேட்ட மற்ற பட்டன்

கேம் செய்யும் தம்பிமாருக்கும் அந்த ஒரு தங்கச்சிக்கும்,

உங்கள் ஸ்டுடியோவின் பெயரை இதில் போடவில்லை, வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும். ஐந்து பேர் ஒரு வானில் கிளிநொச்சிக்கு வந்தீர்கள். ஒரு மண்டபத்தில் பாயைப் போட்டு எங்களை வட்டமாக இருத்தி, போர்க்காலக் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனீர்கள். நான் கதவடியில் நின்ற போன் திருத்துகிற கடைக்காரன். உங்களில் ஒருவருடைய சார்ஜர் வயரை ஒட்டித் தந்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவன். (அந்த வயர் இப்போது திரும்ப அறுந்திருக்கும், புதிதாக ஒன்று வாங்குங்கள்.)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கோர்டரை அமத்தும் முன் ஒவ்வொருவரிடமும் கேட்டீர்கள். அழுத அம்மாவைப் படம் எடுக்கவில்லை. இங்கே வந்துபோன எத்தனையோ பேர் செய்யாத காரியம் அது. சமூகப் பொறுப்போடு கேம் செய்கிறோம் என்று நீங்கள் சொன்னதை நான் அன்றைக்கே நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்பாவிட்டால் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு டிலீட் பண்ணியிருப்பேன்.

நீங்கள் அனுப்பிய டெமோவைக் கடையில் இறக்கினேன். அதற்கே முக்கால் மணித்தியாலம் போனது. கடைக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல் இரண்டு, மூன்று ஜிபி ரேம் உள்ளவை, கண்ணாடி வெடித்தவை, தாயும் பிள்ளைகளும் ஒன்றையே பங்குபோட்டுப் பாவிப்பவை. ஃப்ரீ ஃபயருக்கு இடம் காணாது என்று பெடியன்கள் அம்மாவின் கோயில் படங்களை அழித்துவிட்டு என்னிடம் வந்து ‘அண்ணா, திருப்பி எடுக்கலாமோ’ என்று கேட்கிற ஊர் இது. உங்கள் டெமோ எந்தப் போனிலும் திறக்கவில்லை, கடைசியில் என் லாப்டொப்பில்தான் ஓடியது. எங்களைப் பற்றிய கேம் எங்கள் கையில் ஓடாது என்றால் அதை யாருக்காகச் செய்கிறீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள்.

எழுத்தும் உடைந்திருக்கிறது. ‘போகாதே’ என்று தாய் கத்தும் இடத்தில், ‘ப’வுக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய்த் தனியாக நிற்கிறது. கேம் செய்கிற யூனிட்டி மென்பொருளின் வழக்கமான எழுத்துப்பெட்டி தமிழையும் ஆங்கிலம்போல ஒவ்வொரு எழுத்தாக வரிசையில் அடுக்கிவிடும் என்பது எனக்கும் தெரியும், அதற்கு வழி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அப்புறம் அந்தத் தாய் பேசுகிற தமிழ். ‘வாங்க போலாம்’ என்கிறாள். வன்னியில் எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்? ‘வாங்கோ, போவம்’ என்பாள். பிள்ளையைக் ‘கண்ணா’ என்கிறாள், இங்கே ‘அப்பன்’, ‘ராசா’, ‘குஞ்சு’. பங்கரை, அதுதான் பதுங்குகுழியை, கொங்கிரீட்டில் கட்டியிருக்கிறீர்கள். எங்கள் பங்கர் பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. கடைசி மாதங்களில் மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் சேலைகளை வெட்டித் தைத்தார்கள். என் அம்மாவின் கூறைச்சேலை மாத்தளன் கடற்கரை மணலில் எங்கேயோ கிடக்கிறது. உங்கள் கேமில் சேலை ‘விற்கக்கூடிய பொருள்’ என்ற பெட்டிக்குள் இருந்தது. யாருக்கு விற்கிறது?

இதெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். ஒரு கிழமை வேலை. நான் எழுத வந்தது வேறு ஒன்றுக்கு.

டெமோவில் ஒரு இடம் வரும். கஞ்சி குடுக்கிறார்கள் என்று ஆட்கள் ஓடுகிறார்கள். தாயின் மடியில் காய்ச்சல் பிள்ளை. திரையில் இரண்டு பட்டன்: ‘மகனை அனுப்பு’, ‘நீயே போ’. நான் முதலாவதை அமத்தினேன். வரிசையில் செல் (எறிகணை) விழுந்தது, மகன் வரவில்லை, ‘மீண்டும் முயற்சி செய்’ என்று வந்தது.

எனக்குப் பின்னால் என் மாமி நின்றுகொண்டிருந்தா. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தவ. 2009இல், போரின் கடைசி மாதங்களில், பொக்கணையில் அவவின் மூத்த மகன், என் மச்சான், பதினொரு வயது, ஒரு சின்ன வாளியோடு கஞ்சி வரிசைக்குப் போனவன். மடியில் காய்ச்சலோடு சின்னவள் இருந்தாள், மாமி எழும்ப முடியவில்லை. உங்கள் மண்டபத்துக்கு மாமி வரவில்லை, ஆகவே நீங்கள் அவவின் கதையை எடுத்தீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கதை இங்கே ஒரு வீட்டுக் கதை இல்லை.

மாமி கனநேரம் திரையைப் பார்த்தா. பிறகு, “மற்றதை அமத்தினால் என்ன வரும், தம்பி?” என்றா.

நான் யோசிக்காமல் அமத்திவிட்டேன், அது என் மடைத்தனம். தாய் போனாள், செல் விழுந்தது, சின்னக் காயத்தோடு கஞ்சியும் கொண்டு திரும்பி வந்தாள். மகன் உயிரோடு இருந்தான். மேலே ஒரு மணிச் சத்தம்கூடக் கேட்டது.

“அப்ப நான் போயிருந்தால் அவன் இருந்திருப்பான் எண்டுதானே இது சொல்லுது.”

அவ்வளவுதான் சொன்னா. சோற்றுப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. அதற்குப் பிறகு நாலு நாள் மாமி யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. பதினைந்து வருசத்துக்கு மேலாக இந்த ஒரு கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிற மனுசி, அதற்கு உங்கள் கேம் ஒரு பதிலை எழுதிக் கையில் கொடுத்துவிட்டது. அதுவும் பிழையான பதில்.

ஏன் பிழை என்கிறேன் என்றால், உங்கள் கேமில் செல் எப்போது எங்கே விழும் என்பது முதலே எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே சரியான பட்டன் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. பங்கருக்குள் இருந்தவர்கள் செத்தார்கள், வெளியே நின்றவர்கள் தப்பினார்கள், அடுத்த நாள் மாறி நடந்தது. அன்றைக்கு நிலத்துக்குக் கீழே தறப்பாளோடு படுத்துக் கிடந்த எனக்கு வயது பதினாலு. நான் கெட்டித்தனத்தால் தப்பவில்லை.

டெமோவில் ஒரு பச்சை வலயம் இருக்கிறது, அதற்குள் போனால் உயிர் ஏறுகிறது. இதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. பெடியன்கள் கடை வாசலில் இருந்து விளையாடும் ஃப்ரீ ஃபயரிலும் வட்டம் சுருங்கும், வெளியே நின்றால் உயிர் குறையும், உள்ளே ஓடினால் தப்பலாம். எங்களுக்கும் வட்டம் போட்டார்கள். 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம் சுமார் 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரியில் மாத்தளனில் இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் கடற்கரைத் துண்டு, சுமார் 14. மே மாதம் அதையும் வெட்டிக் கைக்குள் அடங்குகிற அளவாக்கினார்கள். பாதுகாப்பு வலயம் என்று பெயர். செல் விழுந்தது அதற்குள்ளேதான். வெளியே போகலாம் என்றால், போகவிடமாட்டோம் என்று துவக்கோடு நின்றவர்களும் இருந்தார்கள், அவர்கள் எங்கள் பெடியன்கள்தான். ஐ.நா. செயலாளர் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அரச படைகள் வலயங்களுக்குள் செல் அடித்ததையும் வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்றே எழுதியது. உங்கள் கேமில் இந்த இரண்டு பக்கமுமே இல்லை. செல் வானத்தில் இருந்து மழைபோல வருகிறது, அடித்தவன் யாரும் இல்லை. இருக்கிறதெல்லாம் ஒரு தாயும் அவள் அமத்துகிற பட்டனும். அப்போ குற்றம் யாருடைய தலையில் போய் இறங்கும்?

‘தேர்வு இல்லாவிட்டால் அது கேமே இல்லை அண்ணா’ என்று உங்களில் கண்ணாடி போட்ட தம்பி சொன்னது ஞாபகம் இருக்கிறது. சரி, போரைப் பற்றிக் கேமே செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2014இல் போலந்தில் செய்த ‘திஸ் வார் ஒஃப் மைன்’ நானும் விளையாடியிருக்கிறேன். சரயேவோ முற்றுகையை வைத்துச் செய்தது, துவக்குக்காரரை விட்டுவிட்டு வீட்டுக்குள் அடைபட்ட சனத்தைக் காட்டியது. அதில் ஒரு கிழவனும் கிழவியும் இருக்கிற வீட்டில் களவெடுத்தால் நம்முடைய ஆட்களே மனமுடைந்துபோவார்கள். போரைக் காணாதவனுக்கு அது நல்ல பாடம். கண்டவனுக்கு எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி, எனக்கு இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது 2017இல் பிரான்சில் செய்த ‘பெரி மீ, மை லவ்’. நூர் என்ற பெண் சிரியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். விளையாடுகிறவர் நூர் இல்லை, பின்னால் நின்றுவிட்ட அவளுடைய கணவன். கையில் இருப்பது போன் மெசேஜ் மட்டும். புத்தி சொல்லலாம், அவள் கேட்டாலும் கேட்பாள், கேட்காமலும் விடுவாள். சிலவேளை மணிக்கணக்காகப் பதிலே வராது, நாம் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். பத்தொன்பது முடிவுகள் இருக்கின்றனவாம், நான் கண்டது இரண்டு.

இதை விளையாடும்போது எனக்கு என் சித்தப்பாதான் ஞாபகம் வந்தார். 2009இல் அவர் கனடாவில், ஸ்காபரோவில் இருந்தார். காயக்காரரை ஏற்றிக்கொண்டு மாத்தளனில் இருந்து திருகோணமலைக்குக் ‘கிறீன் ஓஷன்’ கப்பல் போகிறது என்று கேள்விப்பட்ட நாளெல்லாம், எங்களில் யாராவது ஏறியிருப்போமோ என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் அடித்தார். மே 10ஆம் திகதி ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்த சனத்துக்குள் அவரும் ஒருவர். அடுத்த நாள் வேலைக்குப் போவதா, திரும்ப ரோட்டுக்குப் போவதா, வட்டிக்குக் காசு எடுத்து ஏஜென்சிக்காரனுக்கு அனுப்புவதா, ரீவியை நிப்பாட்டிவிட்டுப் படுப்பதா? அவருக்குத் தேர்வுகள் இருந்தன, தம்பிமார். ஒன்றாலும் எங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பதையும் அவர் அறிவார். உங்கள் கேமைப் பெரிய போனில் இறக்கி விளையாடப்போகிறவர்களும் அவரும் அவருடைய பிள்ளைகளும்தானே, அவர்களை அவர்களாகவே விளையாட விடுங்கள். மாமியின் மடிக்குள் கொண்டுபோய் இருத்தாதீர்கள்.

இல்லை, வன்னியில் இருக்கிற ஆளைத்தான் பாத்திரமாக்குவோம் என்றால், தேர்வு உண்மையாகவே இருக்கிற இடத்துக்கு வாருங்கள். கடைக்குப் பக்கத்து வீட்டு அக்கா முகமாலையில் மிதிவெடி எடுக்கிறவ. வெயிலில் முகக்கவசமும் பாரமான கவச உடுப்பும் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டுகிற வேலை. பழைய கொம்பியூட்டரில் மைன்ஸ்வீப்பரை, பக்கத்தில் எத்தனை வெடி என்று கட்டத்தில் நம்பர் காட்டுகிற அந்தக் கேமை, கண்டுவிட்டு, ‘எங்களுக்கு இப்படி நம்பர் போட்டுத் தந்தால் எவ்வளவு சுகம்’ என்று சிரித்தா. மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2028க்குள் நிலத்தைத் துப்புரவாக்கவேண்டும் என்பது கெடு. அந்த அக்காவின் வேலையில் ஒவ்வொரு அங்குலத்திலும் சரி, பிழை இருக்கிறது, பழகலாம், பொறுமையாக இருந்தால் உயிர் தப்பும். கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அல்லது கிழமைக்கடனை எடுங்கள். லோன்காரர் வருகிற நாளில் ஒழுங்கையில் எத்தனை படலை பூட்டிக் கிடக்கும் என்று வந்து பாருங்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றப் பெண்கள் கட்டவேண்டும், அதைக் கட்ட இன்னொரு லோன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குள் நிலுவையில் கிடந்த பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்கிற அளவுக்குப் போனது. அங்கே ‘நீ பிழையாகத் தேர்ந்தாய்’ என்று சொல்லிச் சொல்லியே காசு கறந்தார்கள். கணக்கைத் திறந்து காட்டுகிற கேம் ஒன்று வந்தால் இங்கே பெண்கள் விளையாடுவார்கள், நான் போட்டுக் கொடுப்பேன். 2 ஜிபி ரேமில் ஓடவேண்டும்.

இன்னொரு விசயம், காசு. அலாஸ்காவில் இனுப்பியாத் மக்களின் கதையை வைத்து 2014இல் ‘நெவர் அலோன்’ வந்தபோது, அங்கே இருக்கிற பழங்குடி மன்றமே பணம் போட்டுக் கேம் நிறுவனம் ஒன்றைத் தொடங்கித்தான் அதைச் செய்வித்தது. கதை சொல்கிற குரலும் அவர்கள் மொழியில். இங்கே போன் கடைக்காரன் மன்றம் தொடங்க முடியாது, ஆனால் மண்டபத்தில் கதை சொன்ன பதினேழு பேரும் கேம் வெளியே வரும் முன் பார்த்து, ‘இது வேண்டாம்’ என்று ஒரு காட்சியை வெட்டச் சொல்லலாம் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். அதற்குக் காசும் போகாது. நாங்கள் அன்றைக்குக் கையெழுத்து வைத்த தாளில் எங்களுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை, நான் இரண்டு தரம் வாசித்தேன்.

அந்தக் கஞ்சிக் காட்சியை எடுத்துவிடுங்கள். பட்டனை மட்டும் எடுத்துவிட்டு அந்தத் தாயை அப்படியே மடியில் பிள்ளையோடு இருக்கவிட்டாலும் சரி. அவள் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த டெமோவைக் கொண்டு நேரில் வாருங்கள். கடை ஏழு மணி மட்டும் திறந்திருக்கும், வற்றாப்பளைப் பொங்கல் நாளில் பூட்டு. போன கிழமை மாமி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த லாப்டொப் பக்கம் பார்க்காமலே, “அந்தப் பிள்ளையள் திரும்ப வருங்களோ” என்று கேட்டா. வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஏ9 வீதியோரத்துப் போன் கடைக்காரன்