முதல் பதினான்கு நாட்களுக்கு ஓர் இடம்: தனிமைப் பகுதி கட்ட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கேட்பாரற்றுக் கிடக்கும் நாய்களையும் பூனைகளையும் மீட்டு, உடல் தேற்றி, நல்ல வீடுகளில் தத்துக் கொடுப்பது எங்கள் குழுவின் பணி. இப்போது உங்களிடம் கேட்பது ஒரே ஒரு காரியத்துக்கு. புதிதாக வரும் விலங்குகளை முதல் 14 நாட்கள் மற்றவற்றோடு சேர்க்காமல் வைத்துப் பார்க்க ஒரு தனிமைப் பகுதி வேண்டும். நாய்களுக்கு ஆறு அறைகள். பூனைகளுக்குத் தனி வாசலோடு ஓர் அறை, அதற்குள் எட்டுக் கூண்டுகள்.

மீட்பு என்றதும் விலங்கைத் தூக்கி வரும் அந்த ஒரு நாள்தான் மனதில் வரும். அன்றைக்கு உதவிக்கு ஆள் கிடைத்துவிடும். ஆனால் அது பிழைக்குமா என்பது அடுத்து வரும் வாரங்களில்தான் தெரியும்.

நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த நாளில் குட்டி துள்ளி விளையாடும். கிருமி தொற்றி, வாந்தியும் இரத்தக் கழிசலும் தொடங்க 3 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். அறிகுறி தெரியும் முன்பே மலத்தில் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடும். அதற்குள் அந்தக் குட்டி மற்ற குட்டிகளோடு படுத்திருந்தால், எல்லாக் குட்டிகளும் ஆபத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். தடுப்பூசியை வந்த அன்றே போட்டாலும் எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில நாட்கள் பிடிக்கும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும் குட்டிக்கு முதல் ஊசி வேலை செய்யாமலும் போகலாம். அதனால்தான் 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

இந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் சாகாது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்கை 30 பங்கு தண்ணீரில் அன்றன்றைக்குக் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். மலமும் முடியும் ஒட்டிய தரையில் ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே போய்விடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். ஆகவே முதலில் வழித்தெடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசிய பிறகுதான் மருந்து. மரத்தையும் வெடிப்பு விட்ட சிமெண்ட் தரையையும் எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. (பினாயில் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.)

கட்டடச் செலவு கூடுவதும் இதனால்தான். இணைப்பு இல்லாத எபாக்சித் தரை (கெட்டிப்படும் பிசின் பூச்சு), அறைகளுக்கு நடுவே கம்பிக்குப் பதில் 1.2 மீட்டர் உயரச் சுவர், ஒவ்வோர் அறைக்கும் தனி வடிகால். சிக்கனம் பார்த்து ஒரே வாய்க்காலாக இழுத்தால், முதல் அறையைக் கழுவிய தண்ணீர் மற்ற ஐந்து அறைகளின் வழியாகத்தான் வெளியேறும். வாசலில் மருந்துத் தொட்டி வைத்துக் காலை நனைப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. யாரும் அதில் 10 நிமிடம் நிற்பதில்லை. அதற்குப் பதில் இந்தப் பகுதிக்கென்று தனி ரப்பர் பூட்ஸ், மேலங்கி, வாளி, துடைப்பம் வாங்குவோம். வேலையும் நோயில்லாத குட்டிகளில் தொடங்கித் தனிமைப் பகுதியில் முடியும்.

தொற்று இல்லாதவற்றுக்கும் இந்த இடம் தேவை. எலும்பும் தோலுமாக வரும் நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போட்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவு சேரும்போது இன்சுலின் எகிறி, இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சுத் தசைகளும் தளரும். 10 கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்குச் சுமார் 400 கிலோகலோரி தேவை. முதல் நாள் அதில் கால் பங்கு, அதாவது 100 கிலோகலோரி மட்டும், ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நான்கைந்து நாட்களில் மெல்ல முழு அளவுக்கு வர வேண்டும். இடையில் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். பக்கத்தில் இன்னொரு நாயின் தட்டு இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது.

கழுத்துப் புண்கள் இன்னும் பொறுமை கேட்பவை. குட்டியாக இருந்தபோது கட்டிய கயிறு, வளர வளரச் சதைக்குள் புதைந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, முதலில் வருவது நாற்றம்தான். முடியை விலக்கினால் கழுத்தைச் சுற்றி ஈரக்கோடு ஒன்று ஓடும், அதனடியில் கயிறு. மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுத்தெடுக்க முடியும். பிறகு தினமும் சலைனால் (உப்பு நீர்) கழுவ வேண்டும். ஆறிய பின்னும் அந்த நாய்க்குக் கழுத்துப்பட்டை கூடாது, மார்புவார் (ஹார்னஸ்) தான்.

பூனைகளுக்குக் கேடு செய்வது பயம். பயந்த பூனை சாப்பிடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கலாம், பருத்த பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். நாய்க் குரைப்பு எட்டாத அறை, கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, மணல் தட்டு ஒரு பக்கம், உணவு மறுபக்கம். இவ்வளவு செய்தாலே பல பூனைகள் தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

கட்டட நிதி தவிர, மாதாமாதம் சிறு தொகை தருபவர்களையும் தேடுகிறோம். மருந்து, பரிசோதனை, கருத்தடை, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) ஆகியவை ஓயாத செலவுகள். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும் என்பதால் கருத்தடை செய்யாமல் எதையும் தத்துக் கொடுப்பதில்லை.

பொருளாகத் தர நினைப்பவர்கள் எவர்சில்வர் கிண்ணங்கள், 1 கிராம் துல்லியத்தில் காட்டும் எடைக்கருவி (கண் திறக்காத குட்டிகளைத் தினமும் நிறுக்க), பழைய துண்டுகள், போர்வைகள் தரலாம். பொத்தானையும் ஜிப்பையும் வெட்டிவிட்டுத் தாருங்கள். பஞ்சுத் தலையணை வேண்டாம், நாய்கள் கிழித்து விழுங்கிவிடும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளும் வேண்டாம். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் அப்படியே.

ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. கட்டட நிதி தனிக் கணக்கில் இருக்கும், வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். தொகை முழுதும் சேரும்வரை காத்திருக்கப் போவதில்லை. முதல் இரண்டு நாய் அறைகளுக்கும் அவற்றின் வடிகாலுக்கும் போதுமான பணம் வந்ததும் வேலையைத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
மீட்பு மற்றும் தத்து வழங்கும் குழுவினர்