குழலை ஊதிப் பார்த்து வாங்க இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமியன்று இசைப் பயிற்சி தொடங்கவிருக்கும் பிள்ளைகளுக்காகப் பல வீடுகளில் புல்லாங்குழல் வாங்கும் நேரம் இது. ‘ஊதிப் பார்க்கக் கூடாது’ என்று அட்டை எழுதி மாட்டிவிட்டுக் குழல் விற்கும் வழக்கத்தைச் சில கடைகளில் பார்க்கிறேன். கொரோனா காலத்தில் அந்தத் தடைக்குக் காரணம் இருந்தது. இன்றும் அது தொடர்வதால் நட்டப்படுகிறவர்கள் பிள்ளைகள்தாம்.

ஒன்பது வயதுப் பேத்திக்கு நான் அப்படியொரு கடையில்தான் குழல் வாங்கினேன். மேடையில் வித்வான்களின் கையில் பார்த்த நீளமான குழலே உயர்ந்தது என்ற எண்ணம் எனக்கு. கடைக்காரர் குழலின் சுருதியைச் சொல்வதுபோல் ‘இது 3½ கட்டை, முற்றின மூங்கில்’ என்றார்; 850 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். ஸ, ரி, க மூன்றும் ஓரளவு வந்தன. பஞ்சமத்துக்கு, அதாவது ‘ப’வுக்கு, விரல்களை வைத்ததும் நாதம் உடைந்து கீச்சிட்டது. மூன்று வாரம் முயன்றுவிட்டு, ‘எனக்கு வராது தாத்தா’ என்று குழலைக் கட்டிலில் போட்டுவிட்டாள். அவளுடைய ஆசிரியர் அந்தச் சிறு கையைக் குழலின்மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் என்னைப் பார்க்கச் சொன்னார். மோதிர விரலின் நுனிக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே பிறை போல ஓர் இடுக்கு. காற்றெல்லாம் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. குழந்தைக்கு எட்டாத குழலை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுக்குச் சங்கீதம் வராதோ என்று நானும் ஐயப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

3½ கட்டை என்று ஒரு சுருதியே கிடையாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 1, 2, 3 என்றும், இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை 1½, 2½ என்றும் எண்ணுகிறோம். 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆசிரியர் முதல் இரண்டு துளைகளை மூடி ஆதார ஷட்ஜத்தை, அதாவது அடிப்படை ‘ஸ’வை, ஊதியபோது அது 3 கட்டையிலும் நிற்கவில்லை, 4 கட்டையிலும் நிற்கவில்லை. சற்று அழுத்தி ஊதி மேல் ஷட்ஜத்தைப் பிடித்தால் அது கீழ் ஷட்ஜத்தோடு சேரவில்லை. இந்த இரண்டாவது குறைதான் பெரியது. சுருதி சற்று ஏறி இறங்கி இருந்தால் சுருதி ஒலிக்கும் தம்புரா செயலியைக் குழலுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். ஒரே குழலில் கீழ், மேல் என்ற இரண்டு ஸ்தாயிகளும் (சுர வரிசைகளும்) ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கற்பவரின் காதே கெட்டுவிடும். மூங்கிலின் உட்புழையோ, இடப்பக்கத்து அடைப்பு அமைந்த இடமோ பிசகினாலும் இது நேரும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அடியார்க்கு நல்லார் தம் சிலப்பதிகார உரையில் குழலுக்கு நீளம் 20 விரல், சுற்றளவு 4½ விரல் என்று அளவு சொல்லி, எந்தெந்தப் பொருளில் குழல் செய்யலாம் என்பதையும் தரம் பிரித்து எழுதியிருக்கிறார். அவ்வளவு கணக்கோடு செய்யப்பட்ட கருவியை இன்று கட்டை எண்கூடக் குறிக்காமல் கூடையில் போட்டு விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீளக் குழலின் மேல் பெற்றோருக்கு உள்ள மோகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்துஸ்தானி இசையில் பன்னாலால் கோஷ் (1911–1960) நீண்ட பான்சுரியை (வடநாட்டுப் புல்லாங்குழலை) கச்சேரிக் கருவியாக்கினார். கர்நாடக மேடைக்கு நீளக் குழலைக் கொண்டுவந்தவர் என். ரமணி (1934–2015). அவை வளர்ந்த கைக்கும் பழகிய மூச்சுக்கும் உரியவை. தொடங்குகிற பிள்ளைக்கு 5 அல்லது 6 கட்டைக் குழல், ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில், விரலுக்கு அடக்கமாக இருக்கும். எந்தக் கட்டை என்பதை ஆசிரியரைக் கேட்டுக்கொண்டே கடைக்குப் போக வேண்டும்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் குழலில் வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளை நீங்கலாக எட்டுத் துளைகள் இருக்கும். உத்தரப்பிரதேசத்தின் பிலிபித் முதலிய ஊர்களில் ஏராளமாகச் செய்யப்படுபவை பெரும்பாலும் ஆறு துளைப் பான்சுரிகள். அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் துளைகளை விரலால் மூடித் திறக்கும் கர்நாடக முறை அவற்றுக்குப் பொருந்தாது. வறண்ட ஊரில் இருப்பவர்களுக்கும் குளிர்சாதன அறையில் பழகுகிறவர்களுக்கும் மூங்கில் விரிசல் விடும் என்ற அச்சம் இருந்தால், சுருதி சரியாக அமைந்த பிவிசி குழலில் தொடங்கலாம். அதை இகழ வேண்டியதில்லை.

கடைக்காரர்களை நான் வேண்டுவது பெரிய காரியமன்று. ஒவ்வொரு குழலிலும் கட்டை எண்ணையும் அது கர்நாடகமா இந்துஸ்தானியா என்பதையும் ஒட்டுங்கள். வாங்க வருகிறவரின் ஆசிரியரோ, வாசிக்கத் தெரிந்த எவரோ ஐந்து நிமிடம் ஊதிப் பார்க்க அனுமதியுங்கள். மூச்சின் சூட்டில் சுருதி சற்று ஏறும் என்பதால் முதல் ஊதலிலேயே முடிவு செய்ய முடியாது. சுத்தம் பற்றிய கவலை நியாயமானது. வாய் வைக்கும் இடத்தை ஊதுவதற்கு முன்னும் பின்னும் கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், உள்ளே நீர் படாமல் பார்த்துக்கொள்ளலாம். பேத்திக்கு இரண்டாவது குழலை வாங்கிய சிறு கடையில் அந்த முதியவர் அப்படித்தான் செய்தார். ஆறு குழல்களை எடுத்து வைத்து, ஆசிரியர் ஊதி ஊதி ஐந்தை ஒதுக்கும் வரை பொறுமையாக நின்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.