சின்னவன் தலைவலி பற்றி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சின்னவனின் ஸ்கேன் அறிக்கையை நீ அனுப்பிப் பதினொரு நாள் ஆகிறது. அதற்கப்புறம் நீ பேசுவதெல்லாம் மழையும் மாப்பிள்ளையின் வேலையும்தான். சரி, நானும் கேட்கவில்லை.

‘கியாரி, முதல் வகை, 6 மில்லிமீட்டர்’ என்று போட்டிருக்கிறது. சிறுமூளையின் கீழ் நுனி, மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் அவ்வளவு இறங்கியிருக்கிறது. 5 மில்லிமீட்டர் இறங்கினாலே அந்தப் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்ததாலேயே தலைவலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. வேறு எதற்கோ எடுத்த படத்தில், வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் இது தெரியவரும். மைக்ரேன் உள்ள பிள்ளைக்கு இதுவும் கூடவே இருக்கலாம். அது புரியாமல் ஆபரேஷன் செய்தால் தழும்புதான் மிச்சம், வலி போகாது.

ஒரு நோட்டுப் போடு. வலி வந்த நேரம், தலையில் எந்த இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரை கொடுத்தாயா. இருமினால், தும்மினால், சிரித்தால், முக்கினால் பிடரியில் சட்டென்று பிடித்து, சில விநாடியிலோ நிமிடத்திலோ அடங்குகிறதென்றால் கியாரியைச் சந்தேகப்படலாம். அழுத்தம் ஏறும்போது மூளைநீர், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர், அந்த அடைபட்ட துளையைத் தாண்ட முடியாமல் முட்டும். நெற்றி மணிக்கணக்கில் தெறித்து, வெளிச்சம் பிடிக்காமல், தூங்கி எழுந்தால் தெளிகிறான் என்றால் பெரும்பாலும் மைக்ரேன். எழுந்து நின்றால் வலித்து, படுத்தால் விடுகிறதா? இதை டாக்டரிடம் கட்டாயம் சொல். மூளைநீர் எங்காவது கசிந்து அழுத்தம் குறைந்தாலும் சிறுமூளை இப்படித்தான் இறங்கும். அதற்கு வைத்தியமே வேறு.

நீ தினமும் மாத்திரை கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ என்றால் 300. ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் கூடாது. டாக்டரே சொன்னாலொழிய 16 வயது வரை ஆஸ்பிரின் பக்கமே போகாதே.

மூளையை மட்டும் படம் எடுத்தார்களா, முதுகுத்தண்டையுமா? தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிக் குழியாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையில் சூடு உறைக்காமல் போவது, முதுகு ஒரு பக்கமாக வளைவது எல்லாம் அதனால் வரலாம். சாப்பிடும்போது புரையேறுவதும், குறட்டை நடுவில் மூச்சு நிற்பதும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. கண்ணின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல், மூளையில் அழுத்தம் ஏறியிருந்தால் நரம்பு வீங்கியிருக்கும். விடிகாலையில் வலியோடு எழுந்து வாந்தி எடுத்தால், இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால், நடை தள்ளாடினால், கூப்பிட்டும் மந்தமாக இருந்தால் நோட்டு எழுதிக்கொண்டு உட்காராதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குழியும் இல்லை, தொந்தரவும் இல்லை என்றால் கண்காணிப்பதோடு நிறுத்துவார்கள். தேவைப்பட்டால்தான் பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் விடுவார்கள். சில சமயம் மூளையுறையைத் திறந்து ஒட்டுப் போட்டு விரிப்பார்கள். அந்த ஒட்டில் மூளைநீர் கசிவதுதான் பயம். உறையைத் திறப்பார்களா, ஏன் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. நீ கேட்பாய், பத்து வயசிலேயே என்னைக் கேள்வி கேட்டே திணற அடித்தவள்தானே. இப்போதுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்று முதலில் சொன்னது நான்தான். வார்டில் அத்தனை வருஷம் நின்றவள், எங்கே வலிக்கிறது என்றுகூட அவனைக் கேட்கவில்லை. என் பேச்சை நம்பித்தானே நீ நாலு மாதம் தள்ளிப்போட்டாய்.

மறுபடியும் சொல்கிறேன், நோட்டுப் போடு. முதுகுத்தண்டுப் படம் எடுத்தார்களா, அதை மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா