அடர்த்தி விவரம் இல்லாத ஈர்ப்பு வரைபடம் எதற்கு? வரைபடம் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஈர்ப்பு வரைபடப் பிரிவினருக்கு,

வணக்கம். அண்மையில் நீங்கள் வெளியிட்ட பூகே ஈர்ப்பு வரைபடத் தாளின் (மேடுகளின் ஈர்ப்பைக் கழித்துவிட்டு, நிலத்தடியில் உள்ளவற்றின் ஈர்ப்பைக் காட்டும் வரைபடம்) ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற அளவில், ‘திருத்த அடர்த்தி 2.67’ என்று ஒரு வரி இருக்கிறது. மேடுகளின் ஈர்ப்பைக் கழிக்கும்போது அவற்றின் பாறை கன சென்டிமீட்டருக்கு 2.67 கிராம் என்று வைத்துக்கொண்டீர்கள் என்பது அதன் பொருள். பாறைகளின் அடர்த்தி குறித்து அந்தத் தாளில் இருப்பது அவ்வளவுதான். எங்கள் கோரிக்கையும் அது பற்றியதுதான்: வரைபடத்தோடு அடர்த்தி விவரங்களையும் வெளியிடுங்கள்.

அந்த எண்ணின் வரலாறு உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்பரப்புப் பாறைகளுக்கு எடுத்த சராசரி அது. கிரானைட் பரந்து கிடக்கும் நிலத்தில் பெரிய தீங்கு செய்யாது. இந்தத் தாளில் நடுவே ஓடும் குன்று வரிசையோ நுண்துளை மிகுந்த மணற்பாறை. அதன் அடர்த்தி 2.2-ஐ ஒட்டியே இருக்கும். சமவெளிக்கு மேல் 150 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தக் குன்றை 2.67 என்று கணக்கிட்டால், அங்கே இல்லாத நிறையையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். அடர்த்தியில் 1 வித்தியாசத்துக்கு மீட்டருக்கு 0.0419 மில்லிகல் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) என்று பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 3 மில்லிகல் பொய்யாகக் குறைகிறது. தாளில் ஈர்ப்புச் சமக்கோடுகள் குன்றின் உயரக்கோடுகளை அப்படியே பின்தொடர்வதை அச்சிடும் முன் யாரும் பார்க்கவில்லையா?

நிலத்தடி நீருக்காக அந்தத் தாளை நம்பியவர்கள் பார்த்தது அழகான நீலத் திட்டு. ஈர்ப்புத் தாழ்வு என்றால் அடியில் பள்ளம், பள்ளம் என்றால் வண்டல், வண்டல் என்றால் நீர். கடினப் பாறைக்கும் வண்டலுக்கும் 0.4 வேறுபாடு என்று வைத்துக்கொண்டால் 3 மில்லிகல் தாழ்வு சுமார் 180 மீட்டர் வண்டலைக் காட்டும். அதை நம்பிக் குன்றின் மேலேயே துளையிட்டார்கள். மணற்பாறையைத் தாண்டிச் சமவெளி மட்டத்தை எட்டியதும் துளைமுனை கடினப் பாறையில் மோதியது. வரைபடம் காட்டிய பள்ளம் அவர்கள் நின்றிருந்த குன்றேதான். கடன் வாங்கித் துளையிட்டவர்களிடம் ‘ஒரு எண் சற்றுப் பிசகிவிட்டது’ என்று சொல்ல வேண்டிய வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை.

இது தீராத புதிரும் அல்ல. ஒரு குன்றின் குறுக்கே பல அடர்த்திகளை வைத்துக் கணக்கிட்டு, எந்த மதிப்பில் குன்றின் வடிவம் ஈர்ப்புக் கோட்டில் மறைகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 1939-இலேயே புவி இயற்பியலாளர் நெட்டில்டன் எழுதிவிட்டார். குன்று எழும்பியதே அடியிலுள்ள அமைப்பால்தான் என்றால் அந்த முறையும் ஏமாற்றும், உண்மை. அப்போது பாறை மாதிரிகளை எடுத்து அளக்க வேண்டும். அதிலும் பொறுமை வேண்டும். நூற்றுக்கு 25 பங்கு துளையுள்ள மணற்பாறையை உலர்த்தி நிறுத்தால் 2.0, துளைகளில் நீர் நிறைந்தால் 2.25-ஐ நெருங்கும். எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத அடர்த்தியால் யாருக்கும் பயனில்லை.

சரியான திருத்த அடர்த்தி கிடைத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது; அடியில் உள்ளவற்றின் அடர்த்தியும் தெரிய வேண்டும். வண்டல் ஆழம் போகப் போக இறுகி அடர்த்தி கூடும். உப்பு சுமார் 2.2-இலேயே நின்றுவிடும். அதனால் ஆழத்தில் உள்ள உப்புத் திரள் ஈர்ப்புத் தாழ்வாகத் தெரிய, மேற்பரப்பை ஒட்டிய உப்பு ஏறக்குறைய தெரியாமலே போகலாம். 20 மில்லிகல் தாழ்வுக்கு அடர்த்தி வேறுபாடு 0.3 என்றால் வண்டல் சுமார் 1,600 மீட்டர், 0.5 என்றால் சுமார் 950 மீட்டர். ஒரே தாழ்வு, ஒரே தாள். இடையில் இருக்கும் 650 மீட்டரை நாங்கள் எதை வைத்துத் தீர்மானிப்பது, நீலத்தின் அழுத்தத்தை வைத்தா?

நிறங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிய இணையப் பக்கத்தில் வரைபடத்தைச் சுழற்றலாம், சாய்க்கலாம், முப்பரிமாணத்தில் குன்று மேல் பறக்கலாம். அளவீட்டு நிலையங்களின் மூல ஈர்ப்பு மதிப்புகளை மட்டும் பதிவிறக்க முடியாது. அவற்றைக் கேட்டு எழுதினால் ‘உரிய கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்று அழகான எழுத்துருவில் பதில் வருகிறது. அந்தக் கவனத்தின் அடர்த்தியையும் யாராவது அளந்தால் நன்று.

மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறேன். ஒவ்வொரு தாளோடும் அடர்த்தி விவரங்களை வெளியிடுங்கள்: எந்தப் பாறையில் எத்தனை மாதிரி, எந்த நிலையில் அளந்தது, மதிப்புகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன. திருத்தம் செய்யாத ஈர்ப்பு மதிப்பையும் நிலைய உயரத்தையும் தந்துவிட்டால், வேறு அடர்த்தியை வைத்து நாங்களே கணக்கிட்டுக்கொள்வோம். உங்களுக்குக் கூடுதல் வேலைகூட இல்லை. அந்த மதிப்புகள் ஏற்கெனவே உங்கள் கோப்புகளில் இருக்கின்றன.

அடுத்த தாள்கள் அச்சுக்குத் தயாராகின்றன என்று கேள்விப்பட்டோம். அவற்றில் ஒன்று பசால்ட் மேட்டுநிலம். அங்கே அடர்த்தி 2.9 வரை போகும். 300 மீட்டர் உயரத்துக்கு இதே 2.67-ஐப் போட்டால், இம்முறை சுமார் 3 மில்லிகல் பொய்யான ஏற்றம் வரும், அதைக் கனிமம் என்று யாராவது தோண்டுவார்கள். அந்தத் தாளை மட்டுமாவது அடர்த்தி அட்டவணை சேரும்வரை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு களப் புவியியலாளர்