ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு நாள்: பறிக்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை நடைபெறும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைக் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிப் பார்த்துவரும் வாய்ப்புகளை மனமார வரவேற்பவன் நான். ஆனால், அண்மையில் என் தாயாரோடும் இரு பிள்ளைகளோடும் அத்தகைய ஒரு தோட்டத்துக்குச் சென்று வந்தபின், கூடையைக் கையில் கொடுத்து அனுப்பும் முன் கால் மணி நேரமாவது பறிக்கும் முறையைத் தோட்டத்தார் சொல்லித்தர வேண்டும் என்று வலியுறுத்தத் தோன்றுகிறது.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் இளைய மகள் எட்டிய பழத்தைப் பிடித்து இழுக்க, காம்போடு தோலும் பிய்ந்து சுளை தெரிந்தது. அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், கடிந்துகொள்ளாமல், நுனி மழுங்கிய தம் கத்தரியை அவளிடம் காட்டினார். முதலில் காம்பைச் சற்று நீளம் விட்டு வெட்டிக் கிளையிலிருந்து பழத்தைப் பிரிக்க வேண்டும். பிறகு பழத்தை ஒட்டி இரண்டாவது முறை நறுக்க வேண்டும். காம்பு நீண்டிருந்தால் கூடையில் அடுத்த பழத்தைக் குத்தும். காம்படி பிய்ந்தால் அந்த வாய் வழியே பூஞ்சை புகுந்து பழம் அழுகும். அவர் பேசிய அந்த ஐந்து நிமிடங்கள்தாம் அன்றைய பயணத்தில் என் பிள்ளைகளுக்குக் கிடைத்த உண்மையான பாடம்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவுக் குளிர் இல்லாத இடங்களில் நன்கு முதிர்ந்த ஆரஞ்சும் பச்சைத் தோலோடே இருக்கும். வாழைப்பழமும் மாம்பழமும் பறித்தபின் இனிப்பேறுவதுபோல் இது இனிப்பேறுவதும் இல்லை. ஆகவே, ஒரு பழத்தை அறுத்துச் சுவைக்கக் கொடுத்துவிட்டுப் பறிக்கச் சொன்னால் புளித்த பழங்கள் வீணாகா. பனி உலருமுன் பறிக்க விடுவதும் தவறு. ஈரத்தில் விறைத்திருக்கும் தோலை அழுத்தினால் எண்ணெய்ப் பைகள் உடைந்து, கசியும் எண்ணெயே தோலைப் பொசுக்கிக் கறையாக்கிவிடும்.

இவற்றைவிடப் பெரிய கவலை நோய்தான். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தாக்கும் சொறி நோயின் பாக்டீரியா ஈரமான இலைகளிலிருந்து உடைகளிலும் கருவிகளிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குச் செல்லக்கூடியது. சைலிட் என்னும் சிறு பூச்சி பரப்பும், மரத்தையே நலிவடையச் செய்யும் கிரீனிங் நோய்க்கோ இன்றுவரை முழுமையான மருந்து இல்லை. 2005இல் அந்நோய் கண்டறியப்பட்ட அமெரிக்காவின் புளோரிடாவில், 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிகளாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், நோயாலும் புயல்களாலும் 2022-23இல் 2 கோடிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும் என்பதால், ஒரு கொழுந்தையோ கன்றையோ ஆசையாக எடுத்துச் செல்வதும் கொண்டு வருவதும் ஆபத்தே. நாங்கள் சென்ற தோட்டத்தில் காலணியைத் துடைக்கக்கூட ஏற்பாடு இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

எனவே, வாயிலில் காலணிகளைக் கிருமிநாசினியில் நனைக்கும் தொட்டி, பிள்ளைகளின் கைக்கேற்ற மழுங்கிய கத்தரி, அனுபவமுள்ள பறிப்பாளர் ஒருவரின் விளக்கம், அதற்கென அவருக்குத் தனி ஊதியம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர்கள் உறுதிசெய்ய வேண்டும். மழை பெய்த நாளில் பயணத்தை வேறு தேதிக்கு மாற்றினால், முன்பதிவு செய்த பெற்றோரும் அதை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்